அப்பா அம்மா பிரிந்த வீடு, இப்போது நம் காதல்: வாசகர் கேள்வி – பதில்

பெற்றோர் விவாகரத்தான வீடுகளில் வளர்ந்து, இன்று காதலிலோ கல்யாண வாசலிலோ நிற்கும் வாசகர்கள் எழுதிய கேள்விகள் இந்த இதழில். ஊர் மட்டும் போட்டிருக்கிறோம். பதில்களை ஓர் உளவியல் ஆலோசகரும், சட்டம் வரும் இடங்களில் ஒரு குடும்ப நீதிமன்ற வழக்கறிஞரும் சேர்ந்து எழுதியிருக்கிறார்கள்.

கேள்வி: எனக்கு 26 வயது, ஐ.டி. வேலை. எட்டு வயதில் அப்பா அம்மாவுக்கு டைவர்ஸ் ஆனது. அம்மாவிடம் வளர்ந்தேன். இரண்டு வருடமாக ஒருவரைக் காதலிக்கிறேன். நல்லவர்தான். ஆனால் மெசேஜ் போட்டு ஒரு மணி நேரம் பதில் வரவில்லை என்றால் எனக்குக் கை கால் ஓடாது. லாஸ்ட் சீன் பார்ப்பேன், விடாமல் போன் அடிப்பேன், அவர் எடுத்ததும் சண்டை பிடிப்பேன். "டைவர்ஸ் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஆங்ஷியஸ் அட்டாச்மென்ட்தான் வரும்" என்று ஒரு ரீல்ஸில் சொன்னார்கள். இது மாறவே மாறாதா? – கோவை வாசகி

பதில்: உங்களுக்கு வருவது ஆங்ஷியஸ் அட்டாச்மென்ட், அதாவது விட்டுப் போய்விடுவாரோ என்று பதறும் பதற்ற வகைப் பிணைப்பின் அடையாளம் என்பது வரை அந்த ரீல்ஸ் சரி. டைவர்ஸ் ஆனால் அதுதான் வரும், வந்தால் போகாது என்பது தவறு.

பிரிட்டிஷ் மனநல மருத்துவர் ஜான் பௌல்பி, குழந்தை தன்னைக் காப்பவரோடு கொள்ளும் பிணைப்பை விளக்கினார். உளவியலாளர் மேரி எய்ன்ஸ்வொர்த் அதை அமெரிக்காவின் பால்டிமோரில் சோதித்துப் பார்த்தார். ஒரு வயதையொட்டிய குழந்தையை விட்டுவிட்டு அம்மா சில நிமிடம் அறையைவிட்டு வெளியே போவார், திரும்பி வருவார். அம்மா போகும்போது குழந்தை அழுகிறதா என்பதைவிட, அவர் திரும்பி வந்ததும் என்ன செய்கிறது என்பதையே அதிகம் கவனித்தார்கள். சில குழந்தைகள் ஓடிப்போய் ஒட்டிக்கொண்டு, சற்று நேரத்தில் சமாதானமாகி விளையாடப் போய்விடும். சில தூக்கினாலும் அழும், இறக்கினாலும் அழும். வேறு சில அம்மா வந்ததையே கண்டுகொள்ளாது.

இதைக் காதலுக்குக் கொண்டு வந்தவர்கள் ஹசான், ஷேவர் என்ற இரு ஆய்வாளர்கள். டென்வர் நகரத்து "ராக்கி மவுண்டன் நியூஸ்" நாளிதழில் ஒரு காதல் வினாத்தாள் போட்டார்கள். 1987-ல் வெளியிட்ட கணக்கில், பதில் அனுப்பியவர்களில், அந்த மூன்று விதக் குழந்தைகளைப் போலவே, சுமார் 56 சதவீதம் நிம்மதியான வகை, 25 சதவீதம் விலகும் வகை, 19 சதவீதம் உங்களைப் போலப் பதறும் வகை. டைவர்ஸ் வீடுகளைத் தேடிப்பிடித்து எடுத்த கணக்கல்ல இது, பத்திரிகை வாங்கிப் படித்த சாதாரண ஜனம்.

டைவர்ஸையே நேராக எடுத்துப் பார்த்த ஆய்வும் இருக்கிறது. இல்லினாய் பல்கலைக்கழகத்தின் கிறிஸ் ஃப்ரேலியும் மேரி ஹெஃபர்னனும் 2013-ல் வெளியிட்டது. 7,700-க்கும் மேற்பட்டவர்களிடம் கேட்டதில், மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பெற்றோர் பிரிந்தவர்கள். பிரிவின் தடம் தெரிந்தது, ஆனால் அப்பா அம்மாவோடு அவர்களுக்கு இருந்த உறவில். அதுவும் மிகச் சிறு வயதில் பிரிவு நடந்திருந்தால் கூடுதலாக. காதலன், கணவன், மனைவியோடு உள்ள பிணைப்பில் அந்தத் தடம் மிகவும் மெல்லியது. அப்பா மேல் நம்பிக்கை இல்லை என்பது வேறு கணக்கு, காதலன் மேல் நம்பிக்கை வரவில்லை என்பது வேறு கணக்கு. இரண்டும் ஒரே நோட்டில் இல்லை.

இனி அந்த ஒரு மணி நேரத்துக்கு வருவோம். அதில் நடப்பது இதுதான்: பதில் வரவில்லை, "அவ்வளவுதான், போய்விட்டார்" என்ற எண்ணம், நெஞ்சு படபடப்பு, போன் மேல் போன், அவர் எடுக்கிறார், உடனே ஒரு நிம்மதி. சிக்கலே அந்த நிம்மதியில்தான். "விடாமல் அடித்ததால்தான் கிடைத்தார்" என்று மனது பாடம் படித்துக்கொள்கிறது. அடுத்த முறை ஒரு மணி நேரம் நாற்பது நிமிடமாகச் சுருங்கும். அவரோ போன் அடித்தாலே திட்டு விழப்போகிறது என்று எடுக்கத் தயங்குவார். உங்கள் பயத்தை நீங்களே உண்மையாக்கும் சுற்று அது.

சண்டை இல்லாத ஒரு நாளில் அவரோடு ஓர் ஏற்பாடு பேசுங்கள். வேலை நேரத்தில் பதில் தாமதமாகும் என்றால் "மீட்டிங், ஏழு மணிக்குக் கூப்பிடுறேன்" என்று ஒரு வரி. "அப்புறம்" என்ற சொல் உங்களுக்கு உதவாது, மணி சொல்ல வேண்டும், சொன்ன மணிக்கு அவர் கூப்பிட வேண்டும். அது அவர் பங்கு. உங்கள் பங்கு, ஒரு மெசேஜ் போட்டபின் இடைவெளி விடுவது. முதல் வாரம் கூடுதலாக 20 நிமிடம் பொறுத்தால் போதும், வாரத்துக்குப் பத்து நிமிடமாகக் கூட்டுங்கள். எடுத்த எடுப்பில் "இனி போனே பண்ண மாட்டேன்" என்று சபதம் போட்டவர்கள் மூன்றாம் நாள் முப்பது முறை அடிப்பார்கள். அந்த 20 நிமிடம் போன் வேறு அறையில் இருக்கட்டும். மூச்சை நாலு எண்ணிக்கை இழுத்து ஆறு எண்ணிக்கை விடுங்கள், ஐந்து நிமிடம். உடம்பு தணியாமல் மனதோடு வாதாடிப் பயனில்லை.

ஒரு நோட்டில் மூன்று கட்டம் போடுங்கள்: எத்தனை மணி, என்ன நினைத்தேன், கடைசியில் என்ன நடந்தது. நாலு வாரம் எழுதிவிட்டு மூன்றாவது கட்டத்தை மட்டும் மேலிருந்து கீழே வாசியுங்கள். "வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார்", "போனில் சார்ஜ் இல்லை", "மேனேஜர் பக்கத்தில்" என்று போகும். அவர் போன் எடுத்ததும் முதல் இரண்டு நிமிடம் விசாரணை வேண்டாம். அவர் பதில் சொன்னதற்குத் தண்டனை கிடைத்தால் அடுத்த முறை இன்னும் தாமதமாகும்.

லைவ் லொகேஷன் வாங்கிக்கொள்வது, அவர் நண்பனிடம் விசாரிப்பது இரண்டும் கூடாது. வரைபடத்தில் புள்ளி நகரவில்லை என்று பதற ஆரம்பிப்பீர்கள்.

அந்த மூன்றாவது கட்டம் வேறு மாதிரியும் வரலாம். ஒவ்வொரு சண்டைக்குப் பிறகும் இரண்டு நாள் ஆளே காணோம், சொன்ன நேரத்துக்கு ஒருமுறையும் கூப்பிடுவதில்லை, உங்களை யாரிடமும் அறிமுகம் செய்ததில்லை என்று இருந்தால் உங்கள் பதற்றம் நோயல்ல, சரியான எச்சரிக்கை. அங்கே மாற்ற வேண்டியது உங்கள் மூச்சை அல்ல.

கேள்வி: நான் ஆண், 29. பத்தாவது படிக்கும்போது அப்பா வேறு வீடு போய்விட்டார். பெண்களோடு சும்மா பழகுகிற வரை எல்லாம் நன்றாகவே போகும். "எப்போ வீட்ல பேசலாம்?" என்று அந்தப் பெண் கேட்ட மறுநாளிலிருந்து அவள் சிரிப்பது, சாப்பிடுவது எல்லாமே எரிச்சலாகிவிடுகிறது. இது மூன்றாவது முறை. எனக்குக் காதலிக்கத் தகுதியே இல்லையா? – மதுரை வாசகர்

பதில்: போன வாரமும் அவர் இப்படித்தானே சிரித்தார், தம்பி? எரிச்சல் எந்தத் தேதியில் வந்தது என்று பாருங்கள். நெருக்கம் ஒரு படி ஏறிய மறுநாள். குறை அவர் சிரிப்பில் இல்லை.

எய்ன்ஸ்வொர்த் சோதனையில், அம்மா திரும்பி வந்ததைக் கண்டுகொள்ளாமல் பொம்மையைப் பார்த்துக்கொண்டிருந்த குழந்தைகளைச் சொன்னோம். பார்ப்பவர்களுக்கு அவை கல்நெஞ்சுக் குழந்தைகளாகத் தெரிந்தன. 1970-களில் இதயத் துடிப்பை அளந்தபோது, வெளியே அமைதியாக இருந்த அதே நேரத்தில் உள்ளே துடிப்பு ஏறியிருந்தது. விலகும் வகையினருக்குப் பாசம் இல்லாமல் இல்லை. நெருங்கினால் ஆபத்து என்று எப்போதோ படித்த பாடம், துணையின் குறைகளைப் பூதக்கண்ணாடி வைத்துக் காட்டி வெளியே தள்ளுகிறது.

செய்ய வேண்டியது: நெருக்கத்தில் ஒரு படி ஏறிய பிறகு இரண்டு வாரத்துக்குப் பிரிவு முடிவு எதுவும் எடுக்காதீர்கள். தோன்றுகிற குறைகளை, தேதி போட்டு, உங்களுக்கு மட்டும் எழுதி வையுங்கள். அந்தப் பட்டியலில் "என் அம்மாவை மரியாதை இல்லாமல் பேசினாள்" போன்றது எத்தனை, "சத்தமாக மெல்கிறாள்" போன்றது எத்தனை என்று பிறகு பிரிக்கலாம். முதல் வகை இருந்தால் உட்கார்ந்து யோசிக்க வேண்டிய விஷயம்தான்.

தனிமை வேண்டும் என்றால் கேளுங்கள், திரும்பும் நேரத்தோடு. "கொஞ்சம் ஸ்பேஸ் வேணும்" என்று சொல்லிவிட்டு ஒன்பது நாள் காணாமல் போவதுதான் இந்த வகையினர் செய்யும் பெரிய சேதம். இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "வீட்ல பேசணும்னு நீ சொன்னதிலிருந்து எனக்குப் படபடப்பா இருக்கு. உன் மேல கோபம் இல்ல. ரெண்டு நாள் தனியா இருந்துட்டு ஞாயித்துக்கிழமை சாயங்காலம் உன்னப் பாக்குறேன்." ஞாயிறு போய் நில்லுங்கள், பதில் தயாராக இல்லாவிட்டாலும்.

கல்யாணம் என்ற ஒரே பெரிய மூட்டையாக அதைப் பார்க்காதீர்கள். முதலில் உங்கள் அக்காவையோ நண்பனையோ அவர் சந்திக்கட்டும். பிறகு அம்மா. ஒவ்வொன்றுக்கும் ஒரு மாதம் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் மொத்தத்துக்கும் ஒரு கெடு வேண்டும், அதை அந்தப் பெண்ணிடம் சொல்லியும் விட வேண்டும். உங்கள் பயம் தெளியும் வரை அவர் வீட்டில் வருகிற வரன்களையெல்லாம் தட்டிக்கொண்டே இருப்பது நியாயமில்லை. கல்யாணமே வேண்டாம் என்று நிதானமாக முடிவெடுத்தாலும் தவறில்லை, அதை அவர் முகத்துக்கு நேரே சொல்லுங்கள்.

கேள்வி: என் அப்பா அம்மா டைவர்ஸ் பண்ணவில்லை. "உங்களுக்காகத்தான் சேர்ந்து இருக்கோம்" என்று சொல்லிச் சொல்லியே இருபது வருடம் சண்டை. டைவர்ஸ் ஆன வீட்டுத் தோழிகள் என்னைவிட நிம்மதியாகக் காதலிக்கிறார்கள். எப்படி? – தஞ்சாவூர் வாசகி, 24

பதில்: பால் அமேட்டோ, ஆலன் பூத் என்ற ஆய்வாளர்கள் அமெரிக்காவில் 1980-லிருந்து ஒரே குடும்பங்களைத் தொடர்ந்து கவனித்து வந்தார்கள். ஓயாத சண்டை உள்ள வீட்டில் பெற்றோர் பிரிந்தால், வளர்ந்த பிறகு அந்தப் பிள்ளைகளின் நிலை, பிரியாமல் சண்டையிலேயே இருந்த வீட்டுப் பிள்ளைகளைவிட நன்றாக இருந்தது. வெளியே சண்டை தெரியாத வீட்டில் திடீரென்று பிரிந்தபோதுதான் பிள்ளைகள் அதிகம் அடிபட்டார்கள். அவர்களுக்குக் காரணமே புரிவதில்லை. "எல்லாம் நல்லாத்தான இருந்துச்சு, அப்பவும் உடைஞ்சுதே" என்ற சந்தேகம் தங்கள் காதலுக்கும் வந்துவிடுகிறது.

உங்கள் தோழிகளின் நிம்மதிக்குக் காரணம் டைவர்ஸ் பத்திரமல்ல, சத்தம் நின்றது.

சண்டை எப்படி முடியும் என்பதைச் சண்டை வீட்டுப் பிள்ளைகள் பார்த்திருப்பதே இல்லை. தட்டு பறந்ததைப் பார்த்திருப்பீர்கள். மறுநாள் அம்மா மௌனமாகத் தோசை ஊற்றியதைப் பார்த்திருப்பீர்கள். நடுவில் யாராவது "நான் பேசினது தப்பு" என்றார்களா? பெரியவர்களின் சண்டை கண் முன்னே சமாதானமாவதைப் பார்க்கும் குழந்தைகள் அவ்வளவாகக் கலங்குவதில்லை என்பது மார்க் கம்மிங்ஸ் என்ற ஆய்வாளர் பல வருடம் திரும்பத் திரும்பக் கண்டது. ஆகவே உங்கள் காதலில் சண்டையை வாய்விட்டு முடித்து வையுங்கள். எதற்காகச் சண்டை, யார் எதை மாற்றிக்கொள்கிறோம், முடிந்ததா, மூன்றும் சொல்லி முடியுங்கள். மௌனத்தைச் சமாதானம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: ஆன்லைன் டெஸ்டில் எனக்கு "டிஸ்ஆர்கனைஸ்டு 80 சதவீதம்" என்று வந்தது. பயமாக இருக்கிறது. – திருநெல்வேலி வாசகர், 22

பதில்: பயப்படாதீர்கள். டிஸ்ஆர்கனைஸ்டு, அதாவது ஒழுங்கற்ற பிணைப்பு என்ற அந்தச் சொல் கைக்குழந்தைகளை வைத்து மேரி மெயினும் அவரோடு ஆய்வு செய்தவர்களும் உருவாக்கியது. பத்துக் கேள்விக்கு டிக் அடித்த 22 வயதுக்காரருக்கு அப்படியே ஒட்டாது. பெரியவர்களுக்கு ஆய்வாளர்கள் அதிகம் பயன்படுத்தும் வினாத்தாளில் 36 வாக்கியங்கள். 18 பதற்றத்துக்கு, 18 விலகலுக்கு, ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் ஏழு வரை மதிப்பெண். வருவது இரண்டு எண்கள்தான். உயரம், எடை மாதிரி எல்லோருக்கும் இரண்டும் கொஞ்சம் இருக்கும், வகை முத்திரை எதுவும் கிடையாது. நேற்று ப்ரேக்-அப் ஆனவர் இன்று எழுதினால் பதற்றம் ஏறித்தான் வரும். ஒருவரை மனதில் வைத்து எழுதினால் ஒரு எண், இன்னொருவரை வைத்து எழுதினால் வேறு எண்.

கேள்வி: அப்பாவைப் பார்த்துப் பத்து வருடம் ஆகிறது. "அவரோட சரி பண்ணிட்டு வா, அப்பதான் நம்ம லைஃப் நல்லா இருக்கும்" என்கிறாள் காதலி. அவசியமா? – சென்னை வாசகர், 25

பதில்: காதலுக்காக என்றால் அவசியமில்லை. கோவை வாசகிக்குச் சொன்ன 2013 ஆய்வு இங்கேயும் பொருந்தும். பிரிவுக்குப் பின் யாரோடு வாழ்ந்தார்கள் என்பது அந்தப் பெற்றோரோடு உள்ள பிணைப்பைத்தான் முக்கியமாக மாற்றியது. அப்பாவோடு இருந்தவர்களுக்கு அப்பாவிடம் நம்பிக்கை கூடுதல். பத்து வருடம் பார்க்காத அப்பாவிடம் தூரமாக உணர்வது இயல்பு, அதைக் காதலிக்கான நற்சான்றிதழாக யாரும் கேட்க வேண்டியதில்லை.

உங்களுக்கே ஆசை என்றால் செய்யுங்கள். முதல் மெசேஜில் கேள்வியும் கணக்கும் வேண்டாம். "அப்பா, நான் சென்னைல வேலை பாக்குறேன். நல்லா இருக்கேன். உங்களுக்கு விருப்பம்னா ஒருநாள் பேசலாம்" என்றால் போதும். முதல் சந்திப்பு வீட்டில் வேண்டாம், ஹோட்டலில் ஒரு காபி, ஒரு மணி நேரம். "ஏன் விட்டுட்டுப் போனீங்க?" என்ற கேள்வி மூன்றாவது நான்காவது சந்திப்புக்குக் காத்திருக்கலாம். முதல் நாளே கேட்டால் அவர் உங்கள் அம்மாவைக் குறை சொல்ல ஆரம்பிப்பார், நீங்கள் எழுந்து வருவீர்கள். பதிலே வரவில்லை என்றாலும் தாங்க முடியும் என்று தோன்றுகிற சமயத்தில் அனுப்புங்கள். பரீட்சை, வேலை மாற்றம் நடக்கும் மாதத்தில் வேண்டாம்.

கேள்வி: நானும் என் கணவரும் சட்டப்படி பிரிந்து பதினாறு வருடம். மகளுக்கு 25 வயது, வரன் பார்க்கிறோம். மாப்பிள்ளை வீட்டில் எப்போது சொல்வது? பத்திரிகையில் அவர் பெயர் போட வேண்டுமா? தாரை வார்ப்பது யார்? கல்யாணச் செலவில் அவருக்குப் பொறுப்பு உண்டா? மகள் எதுவும் பேச மாட்டேன் என்கிறாள். – திருச்சி வாசகி

பதில்: அம்மா, ஜாதகம் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். இரண்டு வாக்கியம் போதும்: "நானும் அவ அப்பாவும் பதினாறு வருஷத்துக்கு முன்னாடி சட்டப்படி பிரிஞ்சுட்டோம். பொண்ணு எங்கிட்டதான் வளர்ந்தா." வழக்கு விவரமும் யார் மேல் தப்பு என்பதும் வேண்டாம். கேட்டாலும் "அது முடிஞ்சுபோன விஷயம்" என்று நிறுத்திக்கொள்ளலாம். "அப்பா துபாயில இருக்கார்" என்று பூசி மெழுகுபவர்கள் மாட்டிக்கொள்வது பத்திரிகை அச்சுக்குப் போகும் வாரத்தில். அப்போது மாப்பிள்ளை வீட்டார் கோபம் விவாகரத்தின் மேல் இருக்காது, மறைத்ததன் மேல் இருக்கும். விழுவது பெண்ணின் தலையில். முதல் பேச்சிலேயே விலகிப் போகும் வீடு விலகிப் போகட்டும்.

பத்திரிகையில் இரண்டு பெயரையும் தனித்தனியாக, இருவரின் மகள் என்று போடலாம். அழைப்பவராக நீங்கள் மட்டும் இருக்கலாம். தாரை வார்ப்பதைப் பல வீடுகளில் தாய்மாமனும் அத்தையும், அல்லது பெரியப்பா பெரியம்மா தம்பதியாக நின்று செய்துகொடுக்கிறார்கள். யாருமே தாரை வார்க்காத வழியும் சட்டத்தில் இருக்கிறது. இந்து திருமணச் சட்டத்தில் தமிழ்நாடு சேர்த்த 7ஏ பிரிவின்படி, உற்றார் நண்பர்கள் முன்னிலையில் மாலை மாற்றினாலோ, மோதிரம் மாற்றினாலோ, தாலி கட்டினாலோ திருமணம் செல்லும். அப்பா வந்து கையைப் பிடித்துக் கொடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

செலவு விஷயம்: 1956-ஆம் ஆண்டு இந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டத்தில், மணமாகாத மகளுக்கான ஜீவனாம்சம் என்பதிலேயே நியாயமான கல்யாணச் செலவும் அடங்கும். முதலில் உங்கள் விவாகரத்துத் தீர்ப்பையும் அதோடு உள்ள ஒப்பந்தத்தையும் எடுத்துப் படியுங்கள். பரஸ்பர சம்மதத்தில் பிரிந்தவர்கள் பலரும் "மகளின் படிப்பு, திருமணத்துக்கு" என்று ஒரு தொகையை அப்போதே எழுதி வாங்கியிருப்பார்கள். அப்படி வாங்கியிருந்தால் இப்போது மறுபடி கேட்பது சிக்கல். எழுதவில்லை என்றால் அந்தச் சட்டப்படி அவரிடம் கேட்க வழி இருக்கிறது. மகள் நன்றாகச் சம்பாதிக்கிறவள் என்றால் அதையும் கோர்ட் பார்க்கும். இன்னொன்றும் மனதில் வையுங்கள்: விவாகரத்தானால் மனைவிக்கு வாரிசுரிமை போகும், மகளுக்குப் போகாது. அவர் உயில் எழுதாமல் போனால் அவர் சொத்தில் இவள் முதல் வகுப்பு வாரிசுதான்.

மகளின் மௌனத்துக்கு வருவோம். "அப்பாவைக் கூப்பிடலாமா?" என்று நீங்கள் கேட்டால், ஆமாம் என்றால் அம்மாவுக்குத் துரோகம், இல்லை என்றால் அப்பாவுக்குத் துரோகம் என்று அவளுக்குப் படும். அதனால் கேள்வியை மாற்றுங்கள்: "அப்பா வந்தா நான் தாங்கிக்குவேன். வரலைன்னாலும் சரி. நீ உனக்குத் தோணுறதச் சொல்லு, ஒரு வாரம் எடுத்துக்கோ." பதில் வந்தபின் முகம் சுளிக்கக் கூடாது, அதுதான் கஷ்டமான பகுதி. அவர் வருவதாக இருந்தால் தகவல் சொல்லும் வேலையை மகளிடம் கொடுக்காதீர்கள். சித்தப்பாவோ மாமாவோ ஒருவர் பொறுப்பெடுத்து, எந்த நேரம், எந்த வரிசையில் உட்காருவது, போட்டோகிராஃபருக்கு எந்தக் குடும்பப் படம் எப்போது என்று எழுதிக் கொடுத்துவிடட்டும். முகூர்த்தத்துக்கு நீங்கள், மாலை வரவேற்பில் அவர் என்று பிரித்துக்கொள்வது பல வீடுகளில் நன்றாக ஓடுகிறது. அவருடைய புது மனைவி வருவாரா என்பதை முன்கூட்டியே பேசிவிடுங்கள், மண்டப வாசலில் வைத்து அல்ல.

கேள்வி: கல்யாணமாகி 14 மாதம். மனைவியின் பெற்றோர் பிரிந்தவர்கள். எந்தச் சின்னச் சண்டையிலும் "அப்ப என்னை விட்டுடுவீங்கதானே? வக்கீலைப் பாருங்க" என்கிறாள். எனக்கு அந்த எண்ணமே இல்லை. கேட்டுக் கேட்டு ஒருநாள் "ஆமா, பாக்குறேன்" என்று சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து இன்னும் மோசம். – சேலம் வாசகர்

பதில்: அந்த "ஆமா"வுக்கு முதலில் மன்னிப்புக் கேளுங்கள். "கோபத்துல சொன்னேன்" என்ற விளக்கம் சேர்க்காமல், "அது தப்பு, இனி அந்த வார்த்தையைச் சண்டையில எடுக்க மாட்டேன்" என்று மட்டும். அவரிடமும் அதே உறுதியை வாங்குங்கள், சாந்தமான நேரத்தில்.

அவர் வக்கீலைப் பற்றிக் கேட்கவில்லை. சண்டை வந்தால் ஒருவர் வீட்டைவிட்டுப் போவார் என்பதுதான் அவர் கண்டது, இந்த வீட்டில் எப்படி என்று கேட்கிறார். எனவே புள்ளிவிவரமோ சத்தியமோ வேண்டாம். "போகல. கோபமா இருக்கேன், ஆனா போகல." ஒரே வாக்கியம், ஒவ்வொரு முறையும் அதே சொற்களில். பத்து முறை சொன்ன பிறகும் கேட்பார். சலித்துக்கொண்டால் எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்து.

சண்டை சூடாகும்போது இடைவேளை எடுங்கள். தம்பதிகளைச் சோதனைக்கூடத்தில் வைத்துக் கவனித்த ஜான் காட்மன், இதயத் துடிப்பு நிமிடத்துக்கு நூறைத் தாண்டினால் காதில் எதுவும் ஏறாது, தணிய இருபது நிமிடமாவது பிடிக்கும் என்று சொல்கிறார். ஐந்து நிமிட இடைவேளையில் திரும்பி வருபவர்கள் விட்ட இடத்திலிருந்தே ஆரம்பிப்பது அதனால்தான். ஆனால் உங்கள் வீட்டில் இடைவேளை எடுக்கும் விதம் முக்கியம். பைக் சாவியை எடுத்துக்கொண்டு கதவை அறைந்துவிட்டு இறங்கினால், அவர் சிறு வயதில் பார்த்த அதே காட்சி. வீட்டுக்குள்ளேயே மொட்டை மாடிக்கோ அடுத்த அறைக்கோ போங்கள். "அரை மணி நேரத்துல வர்றேன்" என்று சொல்லிவிட்டுப் போங்கள். போனவர்தான் திரும்பி வந்து பேச்சை எடுக்க வேண்டும், மனைவி வந்து கெஞ்சட்டும் என்று காத்திருக்கக் கூடாது. அந்த அரை மணியில் மனதுக்குள் அடுத்த வாதத்தைத் தயார் செய்தால் துடிப்பு இறங்காது. பாத்திரம் கழுவுங்கள், செடிக்குத் தண்ணீர் ஊற்றுங்கள்.

"உங்க அம்மா மாதிரியே பேசுற" என்பதை உங்கள் அம்மா உட்பட யாரும் அந்த வீட்டில் சொல்லக் கூடாது. இதில் சமரசமே இல்லை.

சண்டையே வராமல் பார்த்துக்கொள்ளலாம் என்று எல்லாவற்றுக்கும் தலையாட்டவும் வேண்டாம். அவருக்குத் தேவை சண்டை வந்தும் நீங்கள் மறுநாள் காலை அதே மேஜையில் காபி குடிப்பதைப் பார்ப்பது. அதே சமயம், கடந்த காலத்தைக் காரணம் காட்டி யாரும் யாரையும் அடிக்கவோ, போனைப் பிடுங்கவோ, தற்கொலை மிரட்டல் விடவோ கூடாது. தற்கொலைப் பேச்சு வந்தால் அதை நாடகம் என்று தள்ளாமல் அன்றே உதவி எண்ணைக் கூப்பிடுங்கள். 14416, மத்திய அரசின் டெலி-மானஸ், இருபத்து நான்கு மணி நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது. வன்முறையில் சிக்கும் பெண்களுக்கு 181.

கேள்வி: கவுன்சலிங் போனால் எத்தனை தடவை போக வேண்டும்? யாரைப் பார்ப்பது? – ஈரோடு வாசகி, 27

பதில்: தம்பதிகளுக்கான சிகிச்சைகளில் பிணைப்பை மையமாக வைத்தது, கனடாவில் சூ ஜான்சனும் லெஸ்லி கிரீன்பெர்க்கும் 1980-களில் உருவாக்கியது. அது பொதுவாக 8 முதல் 20 அமர்வுகள். மூன்றாவது அமர்வில் "ஒண்ணும் மாறல" என்று நிறுத்துபவர்கள் அதிகம், சண்டையின் சுற்று என்ன என்று கண்டுபிடிக்கவே அவ்வளவு ஆகும். தனியாகப் போனாலும் பலன் உண்டு.

கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று போர்டு போட்டவரிடம் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் பதிவு எண்ணைக் கேளுங்கள், கேட்பதில் கூச்சம் வேண்டாம். பணம் கட்ட முடியாவிட்டால் மாவட்ட அரசுத் தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவு இருக்கிறது. கூட்டம் அதிகம், காலையிலேயே போய்விடுங்கள். முதல் நாள் முழு வாழ்க்கை வரலாறு சொல்ல வேண்டியதில்லை. கடைசியாக நடந்த ஒரு சண்டையை, யார் என்ன சொன்னார், அடுத்து யார் என்ன செய்தார் என்று வரிசையாக எழுதி எடுத்துப் போங்கள். முதல் அமர்விலேயே ஒருவர் பக்கம் தீர்ப்புச் சொல்பவரையும், "டைவர்ஸ் வீட்டுப் பொண்ணுன்னா இப்படித்தான்" என்பவரையும் விட்டுவிட்டு வேறொருவரைப் பாருங்கள். வீட்டில் அடி உதை இருந்தால் ஜோடியாக ஒரே அறையில் உட்காரும் ஆலோசனை வேண்டாம். அங்கே வாயைத் திறந்து சொன்னதற்கு அன்று இரவு வீட்டில் அடி விழும், முதலில் தனியாகப் போய்ச் சொல்லுங்கள்.